நடுத்தர விலை மல்டிமீட்டர் போதுமா?

மும்பை கிராண்ட் ரோடு ரெயில் நிலையத்தில் கிழக்குப் பக்கமாக வெளியே வந்து சிறிது தூரம் நடந்தால் லேமிங்டன் ரோடு. பலகையில் டாக்டர் பட்கம்கர் மார்க் என்று இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் டாக்சிக்காரர்கூட ஒரு நிமிடம் யோசிப்பார். லேமிங்டன் ரோடு என்றால் உடனே கை காட்டுவார். பெங்களூர்க்காரர்களுக்கு எஸ்.பி. ரோடு, டெல்லிக்காரர்களுக்கு லஜபதிராய் மார்க்கெட் எப்படியோ, மும்பைக்காரர்களுக்கு மின்னணுச் சாமான் என்றால் இந்தச் சாலைதான்.

தாராவியில் பிரிட்ஜ், ஏ.சி. பழுது பார்க்கும் நெல்லைச் சீமை இளைஞர் ஒருவர், மாகிமில் ரெயில் ஏறி இங்கே வந்து இறங்கினார். பழைய மீட்டர் கெட்டுப் போய்விட்டது. புதிதாக வாங்க வேண்டும். துணைக்கு ஊர்க்காரரான ஒரு முதிய வயர்மேனையும் அழைத்து வந்திருந்தார்.

கடைக்காரர் கண்ணாடி மேசை மீது மூன்று மீட்டர்களை எடுத்து வைத்தார். முதலாவது, மஞ்சள் நிறத்தில் உள்ளங்கை அளவு மீட்டர். 200 ரூபாயும் கொஞ்சமும். இரண்டாவது நடுத்தர ரகம், சுமார் 5 ஆயிரம் ரூபாய். மூன்றாவது அமெரிக்க நிறுவனமான புளூக்கின் 87வி. அது 40 ஆயிரம் ரூபாயைத் தாண்டும்.

மூன்றையும் ஒரே 12 வோல்ட் பேட்டரியில் வைத்துக் காட்டினார். முதல் மீட்டர் 12.63 என்றது. இரண்டாவது 12.632 என்றது. மூன்றாவது 12.63 என்றது.

"அண்ணாச்சி, மூணுலயும் ஒரே நம்பர்தான் வருது. அப்புறம் எதுக்கு இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டார் இளைஞர்.

"நம்பரைப் பாக்காதே தம்பி. மூடியைக் கழட்டிக் காட்டச் சொல்லு. உள்ள என்ன பியூஸ் கெடக்குன்னு பாரு" என்றார் பெரியவர்.

மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு 40 ஆயிரம் ரூபாய் என்பது விளையாட்டு அல்ல. பிள்ளையின் ஒரு வருடப் பள்ளிக்கூடச் செலவு அதில் அடங்கிவிடும். அந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? அதைத் தெரிந்துகொண்டால்தான் நடுத்தர மீட்டர் போதுமா, போதாதா என்று சொல்ல முடியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

மீட்டரோடு வரும் சிறு புத்தகத்தில், "0.5 சதவீதம் + 3" என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். பெரும்பாலானோர் அதைப் படிப்பதே இல்லை. அந்த மீட்டர் எவ்வளவு தவறாகக் காட்டலாம் என்பதற்கு உற்பத்தியாளர் தானே வகுத்துக்கொண்ட எல்லை அது. முதல் எண், அளக்கும் அளவில் இத்தனை சதவீதம். இரண்டாவது எண், திரையின் கடைசி இலக்கத்தில் இத்தனை எண்கள்.

நடுத்தர விலை மீட்டர்களில் பல ஆண்டுகளாக அதிகம் பேசப்பட்டது, சீனத் தயாரிப்பான யூனி-டி 61இ என்ற மீட்டர். (இப்போது அதன் இடத்தில் "61இ பிளஸ்" வந்திருக்கிறது.) பழைய 61இ-யின் டி.சி. வோல்ட் துல்லியம் 0.1 சதவீதம் + 2. அதன் திரை 22 ஆயிரம் வரை எண்ணும். 12.6 வோல்ட் பேட்டரியில் வைத்தால், பிழை அதிகபட்சம் 0.015 வோல்ட்.

புளூக் 87வி-யின் துல்லியம் 0.05 சதவீதம் + 1. சதவீதத்தில் அது பாதிதான். ஆனால் அதன் சாதாரணத் திரை 6 ஆயிரம் வரைதான் எண்ணும் என்பதால், கடைசி இலக்கத்தின் எடை கூடிவிடுகிறது. அதே பேட்டரியில் பிழை 0.016 வோல்ட்!

அதாவது, எட்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிய மீட்டரும், நடுத்தர மீட்டரும் இந்த வேலையில் சரிக்குச் சமம். 200 ரூபாய் மீட்டரிலும் பிழை சுமார் 0.08 வோல்ட்தான். பேட்டரி இறங்கிவிட்டதா என்று பார்க்க அதுவே தாராளம்.

மீட்டர் வாங்குகிறவர்கள் வழக்கமாக வாதாடுவது இந்தத் துல்லியத்தைப் பற்றித்தான். விலை வித்தியாசத்துக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு.

இன்வெர்ட்டர் செய்யும் குறும்பு

மின்சார வாரியம் கொடுக்கும் 230 வோல்ட், அலை அலையாக ஏறி இறங்கும். மலிவு மீட்டர்கள் அந்த அலையின் சராசரியை எடுத்து, அதை 1.11 ஆல் பெருக்கிக் காட்டுகின்றன. அலை ஒழுங்காக இருக்கும்வரை விடை சரியாக வரும்.

அலையின் உருவம் மாறினால் கணக்கு கெட்டுவிடும். வீட்டு இன்வெர்ட்டர்களில் மலிவானவை சதுர அலையைத் தருகின்றன. அதில் உண்மையில் 230 வோல்ட் இருந்தால், மலிவு மீட்டர் 255 என்று காட்டும். இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று எண்ணி, நன்றாக இருக்கும் போர்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு. விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மரில் இதற்கு நேர்மாறு. பாதி அலையை வெட்டும் நிலையில் உண்மையான அளவு 163 வோல்ட். மலிவு மீட்டர் 115 என்று சொல்லும்.

இந்தத் தவறைச் செய்யாத மீட்டர்களின் முகப்பில் "ட்ரூ ஆர்.எம்.எஸ்." என்று எழுதியிருக்கும். ஒரு காலத்தில் அது விலை உயர்ந்த மீட்டர்களுக்கு மட்டுமே உரிய வசதி. இப்போது நடுத்தர மீட்டர்களிலும் வந்துவிட்டது. 200 ரூபாயிலிருந்து நடுத்தர விலைக்கு ஏறுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். கூடவே கெபாசிட்டர் அளக்கும் வசதியும் கிடைக்கிறது. மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று வீட்டுக்காரர் கூப்பிட்டால், அந்த 2.5 மைக்ரோபாரட் கெபாசிட்டர் 1.5-க்கு இறங்கிவிட்டதா என்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஏ.சி. மெக்கானிக்குக்கு இது அன்றாட வேலை.

நடுத்தர மீட்டர் தடுமாறும் இடமும் உண்டு. ஆலைகளில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் கருவிகள், நொடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்புகளாக வெட்டிய மின்சாரத்தை அனுப்புகின்றன. அங்கே சாதாரண ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர்கூட அதிகமாகக் காட்டும். 87வி-யில் அந்தத் துடிப்புகளை வடிகட்டிவிட்டு அளக்க ஒரு தனி வசதி இருக்கிறது. ஆலைப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறவர் அதற்காக அந்த விலையைக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. வீட்டு பிரிட்ஜ் பார்ப்பவருக்கு அது தேவைப்படாது.

துண்டித்த வயரில் 80 வோல்ட்!

டிஜிட்டல் மீட்டருக்கு மாறிய புதிதில் பழைய வயர்மேன்கள் பலரும் குழம்பிய விஷயம் ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்தாயிற்று. பேஸ் வயரைக் கழற்றியும் ஆயிற்று. ஆனாலும் மீட்டர் 60, 80 வோல்ட் என்று காட்டுகிறது!

மீட்டர் பொய் சொல்லவில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 1 கோடி ஓம். அதனால் பக்கத்தில் ஓடும் வயரிலிருந்து கசியும் துளி மின்சாரமும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. முள் ஆடும் பழைய மீட்டரில் உள்தடை குறைவு. அந்தத் துளியை அது விழுங்கிவிடும். "முள்ளு மீட்டர்தான் நம்பிக்கை" என்று பெரியவர்கள் சொன்னதில் அர்த்தம் இருந்தது.

புளூக் 117 போன்ற மீட்டர்களில், உள்தடையைக் குறைத்து அளக்கும் ஒரு நிலை இருக்கிறது. குமிழை அங்கே திருப்பினால் போலி வோல்ட் மறைந்து, உண்மையான வோல்ட் மட்டும் நிற்கும். இந்த வசதி இல்லாதவர்கள் பழையபடி டெஸ்ட் லாம்பையும் பையில் வைத்திருப்பது நல்லது.

கை தவறினால்...

இனிதான் முக்கியமான கட்டம்.

மீட்டரில் ஆம்பியர் அளப்பதற்கென்று தனித் துளை ஒன்று இருக்கிறது. "10 ஏ" என்று எழுதியிருக்கும். சிவப்பு வயரை அதில் செருகினால், மீட்டருக்குள் தடை கிட்டத்தட்ட இல்லை. அது ஒரு கனத்த கம்பிக்குச் சமம்.

நேற்று எதற்கோ ஆம்பியர் பார்த்தவர், வயரை அதே துளையில் விட்டுவிட்டார். இன்று மறந்துபோய், வோல்ட் பார்ப்பதாக நினைத்து, பேசிலும் நியூட்ரலிலும் முனைகளை வைக்கிறார். அது நேரடி ஷார்ட். சுவரில் உள்ள பிளக்கில் நடந்தால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும். கட்டிடத்தின் மெயின் பேனலில் நடந்தால் பல ஆயிரம் ஆம்பியர். இந்தத் தவறு கற்றுக்குட்டிக்கு மட்டும் நேர்வதல்ல. இருபது வருட அனுபவஸ்தருக்கும், வேலை முடிகிற அவசரத்தில் நேரும்.

அந்த நொடியில் நடுவில் நிற்பது பியூஸ் ஒன்றுதான்.

200 ரூபாய் மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு பியூசே கிடையாது. பக்கத்திலேயே "அன்பியூஸ்டு" என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மற்ற பலவற்றில் ஒரு சிறு கண்ணாடி பியூஸ் இருக்கும். 250 வோல்ட், 10 ஆம்பியர். பன்னாட்டுத் தர விதிப்படி, சாதாரணக் கண்ணாடி பியூஸ் தன் அளவைப்போல் 10 மடங்கு மின்சாரத்தை மட்டும் பத்திரமாகத் துண்டித்தால் போதும். அதாவது 100 ஆம்பியர். ஆயிரக்கணக்கில் வந்தால்? கம்பி உருகும். ஆனால் மின்சாரம் நிற்காது. உருகிய உலோக ஆவியின் வழியே நெருப்பாகப் பாயும். கண்ணாடி வெடிக்கும். மீட்டரைப் பிடித்திருப்பது கை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்.

விலை உயர்ந்த மீட்டரின் மூடியைக் கழற்றினால், விரல் பருமனில் பீங்கான் போன்ற உருளை ஒன்று கிடக்கும். 87வி-யில் உள்ளது 11 ஆம்பியர், 1,000 வோல்ட் பியூஸ். உள்ளே மணல் நிரப்பியிருக்கும். கம்பி உருகியதும் அந்த நெருப்பை மணல் விழுங்கி அணைத்துவிடும். பல ஆயிரம் ஆம்பியரையும் நிறுத்தக் கூடியது. "எச்.ஆர்.சி. பியூஸ்" என்று வயர்மேன்கள் சொல்வது இந்த வகையைத்தான். அந்த ஒரு பியூசை மாற்றுவதற்கு, மஞ்சள் மீட்டரின் விலையைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். பியூஸ் போனதும் அதற்குப் பதில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அப்படிச் செய்தால் 40 ஆயிரம் ரூபாய் மீட்டரும் 200 ரூபாய் மீட்டரும் ஒன்றுதான்.

87வி-யில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வயர் ஆம்பியர் துளையில் இருக்க, குமிழ் வோல்டில் இருந்தால், முனையை எங்கும் வைப்பதற்கு முன்பே "கீச் கீச்" என்று கத்தும்.

கேட் 2, கேட் 3, கேட் 4

மீட்டரின் முகப்பில் "கேட் 3 - 600 வோல்ட்" என்பது போல எழுதியிருக்கும். வீட்டில் 230 வோல்ட், மூன்று பேசுக்கு இடையில் 415 வோல்ட். அப்படியிருக்க 600 போதாதா, இந்த கேட் எதற்கு என்று தோன்றும்.

பெரிய மோட்டார் நிற்கும்போதும், இடி இறங்கும்போதும் மின்கம்பியில் கண் இமைக்கும் நேரத்துக்குள் சில ஆயிரம் வோல்ட் வந்து போகும். அந்த அடியைத் தாங்குமா என்பதற்கான வகுப்புதான் கேட். கேட் 2 என்பது பிளக்கில் செருகும் சாமான்களுக்கு. கேட் 3 என்பது கட்டிட வயரிங், பேனல் போர்டுக்கு. கேட் 4 என்பது தெருவிலிருந்து இணைப்பு நுழையும் இடத்துக்கும், மின்சார வாரிய மீட்டருக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கேட் 2 - 1,000 வோல்ட் மீட்டரும், கேட் 3 - 600 வோல்ட் மீட்டரும் தாங்க வேண்டிய அதிர்ச்சி ஒன்றே, 6 ஆயிரம் வோல்ட். ஆனால் கேட் 2 சோதனையில் அதன் பின்னால் வரும் மின்சாரம் 500 ஆம்பியர். கேட் 3-இல் 3 ஆயிரம் ஆம்பியர். 1,000 என்ற பெரிய எண்ணைப் பார்த்து கேட் 2-ஐ எடுத்துப் பேனல் போர்டுக்குக் கொண்டுபோவது தவறு.

முகப்பில் அச்சிட்டுவிட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. மஞ்சள் மீட்டர்கள் சிலவற்றிலும் "கேட் 3" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சி.இ. என்ற முத்திரை உற்பத்தியாளர் தானே போட்டுக்கொள்ளக் கூடியது. யு.எல்., டி.யு.வி., ஜி.எஸ். போன்றவை வெளி ஆய்வுக்கூடம் சோதித்துக் கொடுப்பவை.

இதற்கு அந்த யூனி-டி 61இ-யே சரியான உதாரணம். அது ஒரே பெயரில் இரண்டு விதமாக வந்தது. ஜி.எஸ். முத்திரையோடு ஐரோப்பாவுக்குப் போனதில் பெரிய பியூஸ்கள் இருந்தன, அதிர்ச்சியை விழுங்கும் உறுப்புகளும் இருந்தன. மற்றதில் சிறிய பியூஸ்கள்தான். அந்த உறுப்புகளுக்காக போர்டில் விட்ட இடங்கள் காலியாக இருந்தன. பெட்டி ஒன்று, திரை ஒன்று, துல்லியம் ஒன்று. பேட்டரியில் வைத்துப் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று கடையில் பெரியவர் மூடியைக் கழற்றச் சொன்னது இதனால்தான்.

யாருக்கு எது?

ரேடியோ, டி.வி., சார்ஜர், போர்டு ரிப்பேர் என்று மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு நடுத்தர மீட்டர் முற்றிலும் போதும். அங்கே 87வி வாங்குவது ஆசைக்காக இருக்கலாம், அவசியத்துக்காக அல்ல.

வீட்டு வயரிங், பிரிட்ஜ், ஏ.சி. பார்ப்பவர்களுக்கும் நடுத்தர மீட்டர் போதும். ஆனால் நிபந்தனை உண்டு. வெளி ஆய்வுக்கூடம் சோதித்த கேட் 3 - 600 வோல்ட் இருக்க வேண்டும். மணல் நிரப்பிய பியூஸ் இருக்க வேண்டும். ஆம்பியர் பார்க்க இவர்களுக்கு வயரைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டர்தான் வசதி. மெக்கோ, குசம்-மெக்கோ, மோட்வானே போன்ற இந்தியப் பெயர்களிலும் அது கிடைக்கிறது. அப்படியிருக்க, அந்த ஆபத்தான 10 ஆம்பியர் துளையே இவர்களுக்குத் தேவையில்லை. புளூக்கிலேயே 101 என்ற சிறிய மீட்டரில் ஆம்பியர் துளை கிடையாது. குறை என்று பலர் அதை ஒதுக்குகிறார்கள். வீட்டு வயர்மேனுக்கு அது குறையே அல்ல.

ஆலையின் மெயின் பேனல், டிரான்ஸ்பார்மர் அறை, கட்டிடத்துக்கு மின்சாரம் நுழையும் இடம் - அங்கே போகிறவர் நடுத்தர மீட்டரைக் கொண்டுபோகக் கூடாது. அந்த மீட்டரைத் தொழிலாளி தன் சம்பளத்தில் வாங்க வேண்டியதும் இல்லை. முதலாளி வாங்கிக் கொடுக்க வேண்டிய சாமான் அது.

அலுவலகங்களில் கொள்முதல் பிரிவில் இருக்கும் குமாஸ்தாக்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. "டிஜிட்டல் மல்டிமீட்டர் - 5" என்று மட்டும் இன்டென்டில் எழுதி விலைப்புள்ளி கேட்டால், குறைந்த விலை சொல்கிறவருக்குத்தான் ஆர்டர் போகும். வந்து இறங்குவது எது என்று சொல்லத் தேவையில்லை. "கேட் 3 - 600 வோல்ட், வெளி ஆய்வுக்கூட முத்திரை, 1,000 வோல்ட் எச்.ஆர்.சி. பியூஸ், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கூடத்தின் அளவுச் சான்றிதழ்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தணிக்கைக்காரரும் கேள்வி கேட்க மாட்டார்.

எந்த மீட்டர் வாங்கினாலும் அதோடு வரும் வயர்களைக் கவனிக்க வேண்டும். பல மீட்டர்களில் முதலில் கெடுவது அதுதான். உறை வெடித்த வயர் கையில் ஷாக் கொடுக்கும். முனையில் நுனி மட்டும் தெரியும்படி உறை போட்ட, கேட் 3 குறியிட்ட வயர் ஜோடி தனியாகக் கிடைக்கிறது.

பியூஸ் உயிரோடு இருக்கிறதா என்று மூடியைத் திறக்காமலே பார்க்கவும் வழி உண்டு. குமிழை ஓமில் வைத்து, வோல்ட் துளையில் உள்ள சிவப்பு வயரின் முனையை 10 ஆம்பியர் துளைக்குள் தொட வேண்டும். பெரும்பாலான மீட்டர்களில் பூஜ்யத்தை ஒட்டி எண் வந்தால் பியூஸ் நன்றாக இருக்கிறது. தடை முடிவில்லை என்று காட்டினால் போய்விட்டது. வயரில் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்வதற்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது. முதலில் உயிருள்ள பிளக்கில் மீட்டரைச் சோதித்துவிட்டு, பிறகு வேலை செய்யும் வயரில் பார்த்து, மறுபடியும் அதே பிளக்கில் சோதிக்க வேண்டும். நடுவில் மீட்டரே செத்துப் போயிருந்தால் அது தெரிந்துவிடும்.

அன்று லேமிங்டன் ரோட்டுக் கடையில் மூடியைத் திறக்க முதலில் தயங்கிய கடைக்காரர், பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். நடுத்தர மீட்டர்கள் மூன்றைத் திறந்ததில் இரண்டில் கண்ணாடி பியூஸ். ஒன்றில் பீங்கான் பியூஸ். இளைஞர் மூன்றாவதை வாங்கிக்கொண்டார். விலை சற்றுக் கூடத்தான் ஆயிற்று. நல்ல வயர் ஒரு ஜோடியும் சேர்த்து வாங்கினார். திரும்பும் ரெயிலில், பெரியவர் தன் பையிலிருந்து இன்சுலேஷன் டேப்பை எடுத்து, புது மீட்டரின் 10 ஆம்பியர் துளை மேல் இரண்டு சுற்று ஒட்டிக் கொடுத்தார்.